ஸ்கிரைபஸ் 1.6: கிருஷ்ணகிரியிலிருந்து வெளியூர் அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புவோருக்கு ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் டி.டி.பி. (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) தொழில் செய்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. துண்டறிக்கை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு ஆகியவை உள்ளூர் மினி ஆப்செட்டிலேயே முடிந்துவிடுகின்றன. எழுத்து தவறிப்போனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அச்சகத்தில் நின்று சொல்லித் திருத்திவிடலாம். ஆனால் நாலு கலர் லேபிள், கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், அட்டைப்பெட்டி என்று வந்துவிட்டால் கோப்பு சேலத்துக்கோ சிவகாசிக்கோ பெங்களூருக்கோ போகிறது. அங்கே அதைத் திறப்பவர் நம் முகத்தைப் பார்த்திராதவர். பெங்களூராக இருந்தால் தமிழ் படிக்கத் தெரியாதவராகவும் இருக்கக்கூடும். ‘ணு’ சிதைந்து ‘ண’ என்று நின்றாலும் அவர் கண்ணுக்கு அது பிழையாகத் தெரியாது. இங்கிருந்து புறப்படும் பி.டி.எஃப்., தன்னைப் பற்றி யாரும் தொலைபேசியில் விளக்க வேண்டிய தேவை இல்லாதபடி முழுமையாக இருக்க வேண்டும் என்பதே இத்தொழிலின் முதல் நிபந்தனையாகிவிடுகிறது. ஸ்கிரைபஸ் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளை நான் இந்த ஒரு நிபந்தனையை வைத்தே எடைபோடுகிறேன்.

ஸ்கிரைபஸ் கட்டணமில்லாத, திறமூல உரிமத்தில் வெளியாகும் மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது. இதன் 1.0 பதிப்பு 2003-இல் வந்தது. இப்போது பேசுகின்ற 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் நிலையான பதிப்பாக வெளியிடப்பட்டது. இடையில் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த 1.4 வரிசையை முயன்று பார்த்து, “இதில் தமிழ் வராது” என்று மூடிவைத்தவர்கள் நம் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னது அன்றைக்குச் சரி. 1.5 சோதனை வரிசையில் எழுத்து அடுக்கும் பகுதியை முழுவதுமாக மாற்றி, இந்திய மொழி எழுத்துகளை அவற்றின் இலக்கணப்படி இணைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைச் சேர்த்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அந்த மாற்றம் நிலையான பதிப்புக்கு வந்து சேர்ந்தது 1.6-இல்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளுக்கு மாற்று அன்று. பூ வேலைப்பாடு, லோகோ, வளைவு எழுத்து, கல்யாணப் பத்திரிகையின் பிள்ளையார் போன்றவற்றை இதில் வரைய உட்கார்ந்தால் மாலைக்குள் வெறுத்துவிடும். படத்தைக் கோரலிலோ இங்க்ஸ்கேப்பிலோ வரைந்துகொண்டு, புகைப்படத்தை அதற்குரிய மென்பொருளில் திருத்திக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் சேர்த்து, எழுத்தை அடுக்கி, அச்சுக்குரிய பி.டி.எஃப். ஆக வெளியே எடுக்கும் கடைசிக் கட்டத்துக்குத்தான் ஸ்கிரைபஸ் உருவாக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கடைசிக் கட்டத்தில் இது, பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்களோடு கூச்சமின்றிப் பக்கத்தில் நிற்கிறது என்பது என் முடிவு.

தமிழ் எப்படி வருகிறது என்பதே எல்லோரும் முதலில் கேட்பது. யூனிகோடு (எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறிமுறை) எழுத்துருவாக இருந்தால் பிழையில்லாமல் வருகிறது. ‘கொ’, ‘கௌ’ போன்ற இருபுறமும் குறி வரும் எழுத்துகள், ‘டு’, ‘ணூ’, ‘ழூ’ போன்று உருவம் மாறும் உகர ஊகார எழுத்துகள், ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ ஆகிய கூட்டெழுத்துகள் எல்லாம் சரியாக இணைகின்றன. நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், காட்டாமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, தலைப்புக்கு பலூ தம்பி என்று கட்டணமின்றிக் கிடைக்கும் எழுத்துருக்களே ஒரு மலருக்குப் போதுமானவை. ஓசூர், வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஒரே நோட்டீசில் வேண்டும் என்று கேட்பது வழக்கம். மூன்று மொழிக்கும் மூன்று தனி எழுத்துரு முறைகளைச் சுமந்துகொண்டு திரிந்த காலத்தை நினைத்தால், ஒரே பெட்டிக்குள் மூன்றும் ஒழுங்காக நிற்பதைப் பார்ப்பது நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஆனால் நம் கடைகளில் குவிந்து கிடக்கும் பழைய சரக்கு யூனிகோடு அல்ல. பேஜ்மேக்கர் என்னும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த மலர்கள், ஆண்டுதோறும் தேதி மட்டும் மாற்றி அச்சிடும் கோயில் நோட்டீசுகள், பில் புத்தக மாதிரிகள் எல்லாம் பழைய குறிமுறையில் உள்ளவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல்; இன்றும் பல மேசைகளில் அதுதான் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16 என்னும் தமிழ்க் குறிமுறையையும் தரமாக ஏற்ற பிறகும் அச்சுக் கடைகளின் பழக்கம் உடனே மாறவில்லை. பழைய குறிமுறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கப்படும்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ‘க’. யூனிகோடில் மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. இந்த வரிசை மாற்றத்தைச் சரியாகச் செய்யாத மாற்றிகளைப் பயன்படுத்தினால் ஸ்கிரைபஸில் கொம்பு தனியாகவும் அதன் பக்கத்தில் புள்ளி வட்டமும் தோன்றும். அது மென்பொருளின் பிழை அன்று; உள்ளே வந்த உரை பிழையானது என்பதற்கான அறிகுறி. இந்த வட்டங்களை நான் ஒரு வசதியாகவே கருதுகிறேன். பழைய முறையில் இத்தகைய பிழை அச்சாகி, மலர் விநியோகமாகி, தலைவர் மேடையில் வாசிக்கும்போதுதான் தெரியும்.

போல்டு பற்றியும் சொல்ல வேண்டும். வேர்டு போன்றவற்றில் ‘பி’ பொத்தானை அமுக்கினால், தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவையும் மென்பொருளே சாயம் பூசித் தடிமனாக்கிக் காட்டும். ஸ்கிரைபஸ் அப்படிப் போலி போல்டு செய்வதில்லை. எழுத்துருவில் தடித்த வடிவம் இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு “பேரை மட்டும் கொஞ்சம் போல்டு பண்ணுங்க” என்று சொல்லும்போது இது எரிச்சலூட்டும். ஆனால் போலி போல்டில் ‘ஞ’, ‘ழ’ ஆகியவற்றின் உள்வளைவுகள் அடைபட்டு, அச்சில் மைப்பொட்டாக வருவதைப் பார்த்தவர்கள் இந்தப் பிடிவாதத்தைப் பாராட்டுவார்கள்.

தமிழில் எனக்கு இருக்கும் உண்மையான குறை பத்தி அமைப்பில்தான். குறுகிய இரட்டைப் பத்தியில் இருபக்கமும் சமன் செய்தால், ‘கொண்டாடப்படவிருக்கின்றது’ போன்ற நீண்ட சொல் அடுத்த வரிக்குத் தாவி, முந்தைய வரியில் சொற்களுக்கிடையே ஓட்டை விழுகிறது. பத்தி நடையில் சொல் இடைவெளியின் குறைந்தபட்ச அளவையும், எழுத்தை மிக நுண்ணிய அளவில் விரித்துச் சுருக்கும் எல்லையையும் அமைக்க முடியும். 98 முதல் 102 சதவீதம் என்று வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் வரிகள் ஓரளவு சீராகின்றன. அதற்கு மேல் போனால் தமிழ் எழுத்து நசுங்கியது தெரிந்துவிடும். குறுகிய பத்திக்கு இடப்பக்கச் சீரே நல்லது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் புரிய வைப்பது இதைவிட எளிது.

இனி வண்ணம். ஸ்கிரைபஸ் தன் மதிப்பை மெய்ப்பிக்கும் இடம் இதுதான். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் காட்டுகிறது. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்னும் நான்கு மைகளால் நடக்கிறது. திரையில் பளிச்சென்று தெரியும் கிளிப்பச்சையும் ஆரஞ்சும் மையில் கிடைக்காதவை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதிகம் பேசப்படாதது கருப்பு. திரைக்குரிய ஆர்.ஜி.பி. முறையில் அடித்த கருப்பு எழுத்து, அச்சுக்கு மாற்றப்படும்போது நான்கு மைகளின் கலவையாகப் பிரிந்துவிடும். மொத்த மை 300 சதவீதத்தைத் தொடக்கூடும். நான்கு மைகளுக்குரிய நாலு பிளேட்டும் (அச்சுத்தகடு) ஒரு மயிரிழை விலகினாலும் 9 புள்ளி அளவுள்ள தமிழ் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ நிழலாடும். ஸ்கிரைபஸில் இயல்பாகக் கிடைக்கும் ‘பிளாக்’ கருப்பு மை மட்டும் 100 சதவீதம் கொண்டது. அதற்குப் பக்கத்திலேயே ‘ரிச் பிளாக்’, ‘கூல் பிளாக்’, ‘வார்ம் பிளாக்’ என்று பெரிய பரப்புகளுக்குரிய கலவைக் கருப்புகளும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. பட்டியலில் உள்ள ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற வண்ணமும் திரையில் கருப்பாகவே தெரியும். அது வெட்டுக்குறிகளுக்கு மட்டும் உரியது, நான்கு மையும் முழுமையாக 400 சதவீதம். தெரியாமல் அதை எழுத்துக்குக் கொடுத்தவர் கோப்பை வாங்கும் அச்சகத்தார், தாள் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிறகு என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இதைச் சோதிக்க ஸ்கிரைபஸின் அச்சு முன்னோட்டத்தில் மிக நல்ல வழி இருக்கிறது. முன்னோட்டச் சாளரத்தில் நான்கு மைகளுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. வேண்டாததை அணைத்துவிட்டு மீதியைப் பார்க்கலாம். கருப்பை மட்டும் அணைத்துவிட்டுப் பக்கத்தைப் பாருங்கள். உரை எழுத்து முழுவதும் காணாமல் போக வேண்டும். எங்கேயாவது ஒரு வரி சாம்பல் நிழலாக, அழுக்குப் பழுப்பாக மிஞ்சி நின்றால் அந்த வரி நாலு பிளேட்டிலும் ஏறியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது வாடிக்கையாளர் அனுப்பிய வேர்டு கோப்பிலிருந்து ஒட்டியதாகவோ, கோரலில் செய்து படமாகக் கொண்டுவந்த முகவரியாகவோ இருக்கும். மை மொத்த அளவை வண்ணத்தால் சுட்டிக்காட்டும் வசதியும் அதே சாளரத்தில் உள்ளது. எல்லை எவ்வளவு என்று நாமே கொடுக்கலாம். ஆர்ட் பேப்பருக்கு 300 முதல் 330 சதவீதம், செய்தித்தாள் காகிதத்துக்கு 240 சுற்றி என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. தெரிந்த ஆள் இல்லாத ஊருக்குக் கோப்பு அனுப்புபவருக்கு இந்த ஒரு சாளரத்துக்காகவே இம்மென்பொருளை நிறுவலாம் என்று நான் சொல்லுவேன்.

தமிழுக்கென்று இன்னொரு எச்சரிக்கை. அடர்ந்த நாலு கலர்ப் பின்னணியில் வெள்ளையாக விட்டுவைக்கும் சிறிய எழுத்தில், புள்ளிகள்தாம் முதலில் அடைபடும். ஆங்கில எழுத்தில் ‘ஐ’யின் புள்ளி போனாலும் சொல் புரியும், நம்மிடம் ‘பால்’ என்பது ‘பால’ ஆகிவிடும். லேபிளில் சேர்பொருள் பட்டியலை 6 புள்ளி அளவில் வெள்ளையாக வைக்க வேண்டுமென்றால், பின்னணியை ஒன்று அல்லது இரண்டு மைகளோடு நிறுத்துவது, மெல்லிய எழுத்துருவைத் தவிர்ப்பது என்ற இரண்டையும் செய்தால்தான் பிழைக்கும். இதை எந்த மென்பொருளும் எச்சரிக்காது, ஸ்கிரைபஸும் எச்சரிப்பதில்லை.

வண்ண மேலாண்மையை அமைப்புகளில் நாமே செயல்படுத்த வேண்டும். அச்சிடும் காகிதத்தில் வண்ணம் எப்படி வரும் என்று சொல்லும் ஐ.சி.சி. விவரக்கோப்பையும் தேடிப் போட வேண்டும். பூச்சுத்தாளுக்கு ஐ.எஸ்.ஓ. கோட்டட் வி2 ஐரோப்பிய வண்ண அமைப்பான ஈ.சி.ஐ.யின் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மொத்த மையை 300 சதவீதத்தில் நிறுத்தும் அதன் இன்னொரு வடிவமும் உண்டு. நம் அச்சகத்தார் எதைப் பயன்படுத்துகிறார் என்று ஒரு முறை கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. “எது வேணா அனுப்புங்க சார், நாங்க பாத்துக்கறோம்” என்று பதில் வந்தால், அந்த அச்சகத்தில் யாரும் பார்ப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரியில் லேபிள் வேலைக்குப் பஞ்சமில்லை. மாங்கூழ் ஆலைகளின் பெரிய வேலைகள் பெரிய இடங்களுக்குப் போய்விடும். ஆனால் மாம்பழ ஜாம், தொக்கு, ஊறுகாய், சிறுதானிய மாவு செய்யும் மகளிர் குழுக்களும் சிறு உற்பத்தியாளர்களும் நம் மேசைக்குத்தான் வருகிறார்கள். ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நெருங்கும்போது “கடைக்கு வைக்க லேபிள் உடனே வேணும்” என்ற நெரிசல் தொடங்கிவிடும். இவ்வகை வேலையில் ஸ்கிரைபஸ் மூன்று இடங்களில் உதவுகிறது.

பிளீடு, அதாவது வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டி விடும் வண்ணப் பகுதி, முதலாவது. புதிய ஆவணம் தொடங்கும் சாளரத்திலேயே பிளீடுக்குத் தனி இடம் இருக்கிறது. நான்கு புறமும் 3 மி.மீ. கொடுத்துவிட்டால் பக்கத்தைச் சுற்றிச் சிவப்புக் கோட்டில் எல்லை தெரியும். மாம்பழ மஞ்சள் பின்னணியை அந்தக் கோடு வரை இழுத்துவிட வேண்டும். கோரலில் இதை நாமே பெரிய செவ்வகம் வரைந்து, குறி போட்டு ஒப்பேற்றும் பழக்கம் நம்மிடம் அதிகம், பி.டி.எஃப்.இல் வெட்டும் அளவும் பிளீடு அளவும் தனித்தனியே பதிவாகாததால், அச்சகத்தில் எது முடிவான அளவு என்று ஊகிக்க வேண்டியதாகிறது. ஸ்கிரைபஸ் இரண்டையும் பிரித்துப் பதிவு செய்கிறது. கத்தி அரை மி.மீ. விலகி இறங்கினாலும் வெள்ளைக் கோடு வராது. முக்கியமான எழுத்தை வெட்டுக்கோட்டிலிருந்து 4, 5 மி.மீ. உள்ளே தள்ளி வைப்பது நம் பொறுப்பு.

பார்கோடு இரண்டாவது. மென்பொருளுக்குள்ளேயே பார்கோடு உருவாக்கும் பகுதி இருக்கிறது. 890 என்று தொடங்கும் இந்திய இ.ஏ.என். பார்கோடு எண்ணைக் கொடுத்தால் கோடுகளைப் படமாக அல்லாமல் வரைகோடுகளாகவே தருகிறது. இணையத்தில் எங்கோ செய்து எடுத்த ஜே.பி.ஜி. பார்கோட்டைப் பெரிதாக்கி ஒட்டினால் கோடுகளின் ஓரம் பிசிறடித்து, கடையில் ஸ்கேனர் அதைப் படிக்க மறுக்கும். இ.ஏ.என். 13 வகையின் இயல்பான அளவு சுமார் 37.3 × 25.9 மி.மீ.; இதை 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. கோடுகள் கருப்பு மை மட்டுமாக, வெளிர் பின்னணியில் இருக்க வேண்டும். அழகுக்காகக் கோடுகளைச் சிவப்பாக்கக் கேட்கும் வாடிக்கையாளர்களும் உண்டு. ஸ்கேனரின் ஒளியே சிவப்பு என்பதால் சிவப்புக் கோடு அதற்கு வெள்ளையாகவே தெரியும்.

மூன்றாவது, கட்டாயக் குறிப்புகள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண், சைவ உணவைக் குறிக்கும் பச்சைச் சதுரமும் அதனுள் பச்சை வட்டமும், நிகர எடை, விலை, தயாரித்த தேதிக்குரிய வெற்றிடம் ஆகியவற்றை ஒரு முறை அமைத்து, ஸ்கிரைபஸின் சேமிப்புப் பட்டியில் போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த லேபிளுக்கு இழுத்துப் போடலாம். பச்சைக் குறியைச் சயானும் மஞ்சளும் மட்டும் கொண்டு அமைத்து வைத்திருந்தால் எல்லா லேபிளிலும் ஒரே பச்சை வரும். தேதியும் பேட்சு எண்ணும் பின்னால் முத்திரை இடும் இடத்தில் லேமினேஷனோ வார்னிஷோ வந்தால் மை பிடிக்காது என்பதையும் அந்த இடத்திலேயே குறிப்பாக எழுதி அனுப்புவது நல்லது.

கோப்பை வெளியே எடுக்கும் முன் ஸ்கிரைபஸ் தானாகவே ஒரு பரிசோதனை நடத்துகிறது. எழுத்துருவில் இல்லாத எழுத்து, பெட்டிக்குள் அடங்காமல் வழியும் உரை, காணாமல் போன படம், தரம் குறைந்த படம், ஒளிபுகும் தன்மையுள்ள பொருள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் பட்டியலிடுகிறது. பட்டியலில் உள்ள வரியைச் சொடுக்கினால் அந்தப் பொருளிடமே கொண்டுபோய் விடுகிறது. வாட்ஸாப்பில் வந்த வாழ்த்துச் செய்தியை அப்படியே ஒட்டும்போது கூடவே வந்துவிடும் கைகூப்பும் பொம்மையும் பூங்கொத்தும் இந்தப் பட்டியலில்தான் மாட்டிக்கொள்கின்றன. தமிழ் எழுத்துருவில் அவை இருப்பதில்லை. கண்டுபிடிக்காமல் விட்டால் அந்த இடத்தில் காலிக் கட்டம் அச்சாகும்.

படத் தரம் குறித்த எச்சரிக்கையின் இயல்பான எல்லை அச்சுக்குப் போதாத அளவில் தாழ்வாக இருப்பதால், அமைப்புகளில் அதை 250 அல்லது 300 என்று மாற்றிவிட வேண்டும். 300 என்ற எண் வானத்திலிருந்து விழுந்ததன்று: ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 150 வரித் திரையில் அச்சிடுவது வழக்கம், அதைப்போல் இரு மடங்கு பிக்சல் இருந்தால் படம் கூர்மையாக வரும் என்பதே கணக்கு. 1200 பிக்சல் அகலமுள்ள படத்தை 8 அங்குலத்துக்கு இழுத்தால் கிடைப்பது 150 மட்டுமே. நன்கொடையாளர் படம் எல்லாம் வாட்ஸாப்பில் சுருங்கித்தான் வரும். அதே படத்தை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொன்னால் முழு அளவில் வரும். இதைக் கேட்டு வாங்குவதற்குத் தயங்கும் கடைக்காரரை எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

பி.டி.எஃப். எடுக்கும் சாளரத்தில் ‘பிரின்டர்’ என்ற தேர்வைக் கொடுக்காவிட்டால் ஆர்.ஜி.பி.யாகவே வெளியே போகும் என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3, எக்ஸ்-4 என்னும் அச்சுத் தரங்கள் மூன்றும் 1.6-இல் உள்ளன. எக்ஸ்-1ஏயில் நாலு கலரும் தனி மைகளும் மட்டுமே அனுமதி, எழுத்துருக்கள் உள்ளே பதிந்திருக்க வேண்டும், ஒளிபுகும் பொருள் கூடாது; பழைய பிளேட் கருவிகளோடும் இது ஒத்துப்போகும். எக்ஸ்-4 ஒளிபுகும் பொருளையும் ஏற்கும். எதை ஏற்பார்கள் என்று தெரியாத இடத்துக்கு எக்ஸ்-1ஏ அனுப்புவது பாதுகாப்பானது.

இதற்குப் பிறகும் பல அச்சகங்களிலிருந்து, “சார், பி.டி.எஃப். வேணாம், சி.டி.ஆர். பைலை கர்வ் போட்டு அனுப்புங்க” என்றுதான் பதில் வரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எழுத்துரு இல்லாமல் வந்த கோப்புகளால் பட்ட அடி அப்படி. சி.டி.ஆர். என்பது கோரலின் கோப்பு; கர்வ் போடுவது என்றால் எழுத்தை வரைகோடாக மாற்றுவது. ஸ்கிரைபஸிலும் அப்படி மாற்ற முடியும். ஆனால் அப்படி மாற்றிய பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, சிறிய எழுத்து சற்றே தடித்தும் தெரியும். எனவே மூலக் கோப்பை வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டு, லேபிள், அட்டை போன்ற ஒற்றைப் பக்க வேலைகளுக்கு மட்டும் இதைச் செய்யலாம். 64 பக்க மலரைக் கர்வ் போட்டு அனுப்பச் சொல்பவரிடம், எழுத்துரு பதிந்த பி.டி.எஃப்.ஐ ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்பதே முறை.

மலர் வேலையில் இன்னொன்று. சென்டர் பின் அடிக்கும் மலரானால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். பக்கங்களை அச்சுத்தாளில் அடுக்கும் பணியை ஸ்கிரைபஸ் செய்வதில்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை. எந்தத் தாளில், எந்த எந்திரத்தில், ஒரு ஃபாரத்துக்கு எட்டுப் பக்கமா பதினாறு பக்கமா என்பது அச்சகத்தார் முடிவு. நாம் ஒற்றைப் பக்கங்களை வரிசையாகக் கொடுத்தால் போதும். முதுகு ஒட்டும் புத்தகத்துக்கு அட்டையின் முதுகு அகலத்தையும் காகிதத்தின் ஜி.எஸ்.எம். எடையைச் சொல்லி அவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும்.

குறைகள் சில இருக்கின்றன, அவற்றை மறைக்கக் கூடாது. அட்டவணை வசதி பலவீனமானது. நன்கொடையாளர் பெயரும் தொகையும் கொண்ட நான்கு பக்கப் பட்டியலை அதில் செய்வதைவிட, டேப் நிறுத்தங்களை வைத்து அடுக்குவது விரைவில் முடிகிறது. படங்கள் நிறைந்த நீண்ட ஆவணத்தில் வேகம் குறைகிறது. படங்களின் திரைத் தரத்தைத் தாழ்த்தி வைப்பதும், மலரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்வதும் உதவும். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் மூலக் கோப்பைத் திறக்காது. கோரல், பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க முயலும், ஆனால் வருவது அரைகுறைதான், பழைய குறிமுறைத் தமிழ் ஆங்கிலக் கிறுக்கலாக வந்து நிற்கும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற துணை மென்பொருளைத் தனியாக நிறுவாவிட்டால் நான் மேலே புகழ்ந்த முன்னோட்டமும் பார்கோடும் வேலை செய்யாது. இதை முதலில் யாரும் சொல்வதில்லை. எல்லாவற்றையும்விட, கோரலில் சந்தேகம் வந்தால் பெங்களூர் சாலையிலோ சேலம் சாலையிலோ எந்தக் கடையில் நுழைந்தாலும் “இங்க கொடுங்கண்ணா” என்று சொல்லிச் செய்துகாட்ட ஒரு பையன் இருப்பான். ஸ்கிரைபஸுக்கு அப்படி யாரும் இல்லை.

கல்யாணப் பத்திரிகை மட்டுமே செய்பவருக்கு, ஆயத்த அட்டையில் ஒற்றை நிறம் ஏற்றி அன்றைக்கே கொடுக்கும் கடைக்கு, இது தேவையில்லை. அவர்களுடைய வேகத்துக்கு இது தடையாகவே இருக்கும். மாதத்துக்கு ஓரிரு நாலு கலர் வேலைகளாவது வெளியூருக்கு அனுப்புபவர், உள்ளடக்கத்தைத் தாமே தயாரிக்கும் பள்ளி, கோயில் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், சந்தா கட்டி மென்பொருள் வாங்க முடியாத புதிய வடிவமைப்பாளர் ஆகியோருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

நிறுவும்போது வரிசையைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் கோஸ்ட்ஸ்கிரிப்ட், பிறகு ஸ்கிரைபஸ், பிறகு எழுத்துருக்களும் ஐ.சி.சி. கோப்புகளும். பழைய 1.4-இல் செய்த கோப்புகள் 1.6-இல் திறக்கும், 1.6-இல் சேமித்தவை 1.4-க்குத் திரும்பப் போகாது. ஒரே கடையில் இரண்டு கணினி இருந்தால் இரண்டிலும் ஒரே பதிப்பை நிறுவிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.